மங்கிய விளக்கைத் துலக்க வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பட்டறையில் பட்டி பார்க்கவும் பெயிண்ட் அடிக்கவும் கற்றுக்கொண்டு, இப்போது வீட்டு முற்றத்திலேயே தகரக் கூரை இறக்கி, மோட்டார் வாகனங்களின் மங்கிப்போன முகப்பு விளக்குகளைத் துலக்கிக் கொடுக்கும் வேலையைச் சொந்தமாகத் தொடங்கியிருக்கிறாய் என்று அறிந்து சந்தோஷப்பட்டேன். நீ கேட்டிருக்கும் கேள்விகள் மூன்று. பற்பசையைப் போட்டுத் தேய்த்தால் போதாதா என்பது ஒன்று. ஆவி பிடிக்கும் கிண்ணம் என்று ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறதே, அதை வாங்கலாமா என்பது இரண்டாவது. நீ பளிச்சென்று ஆக்கி அனுப்பிய விளக்கு நான்கே மாதத்தில் மறுபடி மஞ்சளித்து, அதன் சொந்தக்காரர் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டது ஏன் என்பது மூன்றாவது. மூன்றாவதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் நானில்லாமலே நீ விடை கண்டுவிடுவாய். ஆகையால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உன்னைப்போல் இந்தத் தொழிலில் இறங்கியிருக்கும் வேறு பல பிள்ளைகளுக்கும் இதே சந்தேகங்கள் இருக்கும் என்பதனால் இதைத் தபாலில் போடாமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன் பெயரையும் ஊரையும் எங்கும் சொல்லவில்லை, கவலைப்படாதே.

நம் தேசத்துச் சாலைகளில் பல்லாண்டுக் காலம் அம்பாசிடரும் பத்மினியும் ஓடினவே, அவற்றின் வட்ட விளக்குகள் மஞ்சளாகிவிட்டன என்று யாராவது குறைப்பட்டுக் கேட்டிருக்கிறாயா? கதவெல்லாம் துருவேறி, மெத்தையெல்லாம் கிழிந்து, ஷெட்டின் மூலையில் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய அம்பாசிடரின் விளக்கை ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துப் பார். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த தெளிவு அப்படியே இருக்கும். அது கண்ணாடி. கல் பட்டால் உடையுமே தவிர, வெயில் அதை ஒன்றும் செய்வதில்லை. இன்றைய வண்டிகளின் முகத்தில், பம்பரிலிருந்து பானெட் வரை வளைந்தும் நெளிந்தும் ஓடுகிற அந்தப் பெரிய டூம் இருக்கிறதே, அது கண்ணாடியின் வடிவத்தைக் கடன் வாங்கிக்கொண்ட வேறொரு வஸ்து. 1953ஆம் ஆண்டில், ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஹெர்மன் ஷ்னெல் என்பவரும், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் மின்கம்பிகளுக்கு நல்லதொரு மேற்பூச்சைத் தேடிக்கொண்டிருந்த டேனியல் ஃபாக்ஸ் என்பவரும், ஒருவர் முயற்சி மற்றவருக்குத் தெரியாமலே கண்டுபிடித்த பாலிகார்பனேட் அது. சுத்தியலால் அடித்தாலும் எளிதில் நொறுங்காத உறுதியும், கண்ணாடியில் பாதிகூட இல்லாத எடையும், எந்த அச்சிலும் வார்க்க இணங்குகிற சுபாவமும் ஒன்றாகச் சேர்ந்த பொருள் அது. அமெரிக்காவில் 1940 முதல் முத்திரையிட்ட கண்ணாடி விளக்குகளையே வைக்க வேண்டும் என்றிருந்த விதி 1983இல் தளர்ந்ததும், மறு வருஷத்து மாடலாக வந்த லிங்கன் கான்டினென்டல் மார்க் 7 காரில் இவ்வித விளக்கு அங்கே முதன்முதலாக ஏறியது. பிறகு உலகம் முழுவதும் அதே வழியில் சென்றுவிட்டது. வண்டியின் முகத்தை இஷ்டப்படி வரையும் சுதந்திரம் சித்திரக்காரர்களுக்குக் கிடைத்தது. அதற்கான விலையை வெயிலில் வண்டி நிறுத்துகிறவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாலிகார்பனேட்டுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. சுலபமாகக் கீறல் விழும். சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தாங்காது. இவ்விரண்டையும் தயாரிப்பாளர்கள் அறிந்தே இருக்கிறார்கள். அதனால்தான் டூமை வார்த்தெடுத்தவுடன் அதன் புறத்தே கெட்டியான ஒரு மேற்பூச்சைத் தடவி உலர்த்தி அனுப்புகிறார்கள். அதன் கனம் ஏறக்குறைய பத்து மைக்ரான். தலைமயிர் ஒன்றின் கனத்தில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள். விளக்கின் ஆயுள் முழுவதையும் இந்த மெல்லிய தோல்தான் சுமக்கிறது. வருஷக் கணக்காக வெயில் காய்ந்து, மணல் உராய்ந்து, அவசரக்காரர்கள் வறண்ட துணியால் துடைத்துத் துடைத்து அது தேய்ந்தும் வெடித்தும் உரிந்தும் போன பிற்பாடு, கதிர்கள் நேரே பாலிகார்பனேட்டின்மேல் விழுந்து அதன் மூலக்கூறுகளைச் சிதைக்கின்றன. சிதைந்தவை காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மஞ்சள் நிறமுள்ள புதிய சேர்மங்களாக மாறுகின்றன. டூமின் மேற்பாதி, அதாவது ஆகாயத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் பாகம், எப்போதும் முதலில் கெடுவதற்கும், கீழ்ப்பாதி ஓரளவு தெளிவாகவே இருப்பதற்கும் இதுவே காரணம்.

உன் தொழிலுக்கு ஆதாரமாக இருக்கும் விஷயம் ஒன்றை இங்கே நீ நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பாலிகார்பனேட் புற ஊதாக் கதிர்களைத் தன் மேற்பரப்பிலேயே விழுங்கிவிடுகிறது; உள்ளே ஆழமாகப் போக விடுவதில்லை. ஆகவே கேடு முழுவதும் மேல் தோலில் நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள டூமில் பழுதாவது மிகச் சொற்பமான ஒரு படலமே. அதைச் சீவி எடுத்தால் அடியில் களங்கமற்ற பொருள் காத்திருக்கிறது. இந்தத் தொழில் என்று ஒன்று இருப்பதே அந்த வஸ்துவின் இந்தக் குணத்தால்தான். ஆனால் அதே காரணத்தால், நீ சீவி எடுத்த மாத்திரத்தில் அந்த விளக்கு பிறந்தது முதல் ஒரு நாளும் இல்லாத நிர்வாண நிலையை அடைகிறது. அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருந்த பழைய மேற்பூச்சையும் நீ எடுத்துவிட்டாய். புதிதாக ஒன்றும் கொடுக்கவில்லை. பளபளக்கிறதே என்று மகிழ்ந்து வெயிலில் அனுப்பிவிட்டாய். நான்கு மாதம் தாங்கியதே அதிகம். உன் வாசலில் நின்று சத்தம் போட்ட மனிதர் உன்னிடம் கொண்டுவந்தது மங்கலான விளக்கு, கொண்டுபோனது காப்பில்லாத விளக்கு. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அவரை அழைத்துக் கூலி வாங்காமல் மறுபடி செய்து கொடு, இந்த முறை முழுமையாக.

முழுமையாகச் செய்வது எப்படி என்பதற்கு முன்னால், எதைச் செய்யக் கூடாது என்பதை அறிவது அவசியம். வண்டி வந்து நின்றதும் தேய்க்கும் தாளைக் கையில் எடுக்காதே. ஒரு சொம்பு தண்ணீரை எடுத்து விளக்கின்மேல் ஊற்று. ஈரம் பட்டதும் மங்கல் மறைந்து உள்ளே இருக்கும் பல்பும், ஒளியைத் திருப்பி அனுப்பும் பாத்திரமும் துல்லியமாகத் தெரிந்தால், தோஷம் புறத்தே இருக்கிறது என்று அர்த்தம். சொரசொரப்பான பரப்பிலுள்ள பள்ளங்களில் காற்று இருக்கும்வரை ஒளி சிதறுகிறது. அவற்றைத் தண்ணீர் நிரப்பியதும், தண்ணீரின் ஒளிவிலகல் பாலிகார்பனேட்டினுடையதை ஓரளவு நெருங்கியிருப்பதால், சிதறல் குறைகிறது. உன் வேலை முடிந்த பிறகு விளக்கு எப்படி இருக்கும் என்பதை அந்த ஒரு சொம்பு நீர் முன்கூட்டியே காட்டிக் கொடுத்துவிடும். வண்டிக்காரரையும் பக்கத்தில் நிறுத்தி அதைப் பார்க்கச் சொல். பிறகு பேரம் பேசுவதில் பாதி மிச்சம்.

தண்ணீர் ஊற்றியும் தெளியாத விளக்குகள் உண்டு. அங்கேதான் உன் நேர்மைக்குச் சோதனை. டூமின் உட்புறத்தில் படிந்த மங்கலுக்கு வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பிரயோஜனம் இல்லை. மழைக்காலத்துக் காலையில் உள்ளே லேசாக ஆவி படிந்து, விளக்கு எரிந்து சற்று நேரம் ஓடியதும் மறைந்துபோனால் அது இயல்பு, அதற்கென்றே காற்றுத் துவாரங்கள் வைத்திருக்கிறார்கள்; தண்ணீரே தேங்கி நின்றால் மூட்டுப் பசை விட்டுப்போயிருக்கிறது, அது வேறு வைத்தியம். பரப்புக்குள் ஆழமாக, சிலந்தி வலைப் பின்னலாக வெடிப்பு ஓடியிருந்தால் அதைத் தேய்த்து எடுக்க முடியாது. எடுக்க முயன்றால் டூம் மெலிந்துவிடும். இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி நீ காணப்போவது வேறொன்று. 60/55 வாட் பல்புக்கென்று அமைந்த விளக்கில், வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பைப் போட்டு ஓட்டியிருப்பார்கள். அந்த உஷ்ணத்தில் உள்ளே ஒளியைத் திருப்பி அனுப்பும் பாத்திரத்தின் அலுமினியப் பூச்சு வெந்து, வெள்ளி நிறம் போய்ச் சாம்பல் தட்டியிருக்கும், ஹோல்டரும் கருகியிருக்கும். முதலில் டூம் மங்கியதால் வெளிச்சம் குறைந்தது. அதைப் பல்பால் சரிசெய்யப் போய்ப் பாத்திரத்தையும் கெடுத்தார்கள். இனி நீ டூமை எவ்வளவு துலக்கினாலும் அது ரசம் போன கண்ணாடிக்கு முன்னால் ஏற்றிவைத்த விளக்குத்தான். இத்தகைய வண்டி வந்தால், முழு செட்டையும் மாற்றுவதே வழி என்று சொல்லித் திருப்பி அனுப்பு. டூமைச் சூடுகாட்டிப் பிரித்து உள்ளே சுத்தம் செய்து தருவதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கைப்பழக்கம் முதிரும்வரை அந்தப் பக்கம் போகாதே.

இனி வேலைக்கு வருவோம். விளக்கையும் சுற்றுப்புறத்தையும் சோப்புத் தண்ணீரால் கழுவி, மண் துகள் ஒன்றும் இல்லாமல் உலர்த்திய பின், பானெட் ஓரத்துக்கும் ஃபெண்டருக்கும் பம்பருக்கும் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டு. ஓரத்துப் பெயிண்ட் எப்போதும் மெல்லியது என்பதைப் பெயிண்டரான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாட்டர் பேப்பரின் நம்பரைப் பற்றி உனக்குச் சம்பிரதாயமாகத் தெரியும். காரணத்தோடு தெரிந்துகொள்வது நல்லது. 800 நம்பர் தாளிலுள்ள துகள் ஏறக்குறைய 22 மைக்ரான், 1000 நம்பரில் 18, 1500இல் 12 அல்லது 13, 2000இல் 10. ஒவ்வொரு தாளும் தன் துகளுக்கேற்ற கீறலைப் போடுகிறது. அடுத்த தாளின் வேலை முந்தைய தாளின் கீறலை முற்றாக எடுத்துவிட்டுத் தன் சிறிய கீறலை அங்கே வைப்பது. இதைத் தவிர மெருகேற்றுவதில் வேறு ரகசியம் எதுவுமே இல்லை. பெரிய கீறல் ஒன்றை 1000இல் விட்டுவிட்டு 2000இல் எடுத்துவிடலாம் என்று நினைப்பவன் மாலைவரை தேய்த்தாலும் அதை எடுக்க மாட்டான். வேலை முடிந்து விளக்கைப் போட்ட ராத்திரியில் அது ஒற்றைக் கோடாக மின்னும். ஆகவே ஒரு தாளில் குறுக்காகத் தேய்த்தால் அடுத்த தாளில் நெடுக்காகத் தேய். திசை மாறும்போது முந்தைய கீறல் எங்கே எஞ்சி நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அது அடியோடு மறையும்வரை அடுத்த நம்பருக்குப் போகாதே.

எந்த நம்பரில் ஆரம்பிப்பது என்பதை விளக்குதான் சொல்ல வேண்டும். ஒரு மூலையில் 1500ஐப் போட்டுப் பார். மஞ்சள் சுலபமாகக் கரைந்து வந்தால் அதுவே போதும். மேற்பூச்சு பாதி உரிந்து தேசப்படத்துத் தீவுகளாக நிற்குமானால் 800இல் இறங்கி, எல்லாத் தீவுகளும் போகும்வரை எடுத்தே தீர வேண்டும். ஒன்று எஞ்சினாலும் அதன் கரை கடைசிவரை தெரியும். தாளை விரலால் அழுத்தாமல் ஸ்பாஞ்சுக் கட்டையில் சுற்றிக்கொள், விரல் பட்ட இடமெல்லாம் பள்ளமாகும். நீர் தாராளமாக ஓடட்டும், அதில் இரண்டு சொட்டு ஷாம்பு இருக்கட்டும். ஒவ்வொரு நம்பருக்கும் வாளித் தண்ணீரை மாற்றிவிடு. 800இன் ஒரு துகள் 2000இன் வாளியில் தங்கிவிட்டால் அது செய்யும் விபரீதத்தைச் சரிசெய்ய மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

தேய்க்கும்போது வழிந்து வருகிற சாந்தைக் கவனித்தாயா? ஆரம்பத்தில் அது மஞ்சளாக இருக்கும். கெட்ட படலம் கரைகிறது என்பதற்கு அதுவே சாட்சி. வரவர அந்த மஞ்சள் வெளுத்து, கடைசியில் சுத்த வெள்ளையாகும்போது நல்ல பொருளைத் தொட்டுவிட்டாய் என்று அறிந்துகொள். அதற்குமேல் அந்தத் தாளில் தேய்ப்பது வீண். துடைத்து உலர்த்திப் பார்த்தால் டூம் முழுவதும் மாக்கோலம் காய்ந்ததுபோல் வெளுத்து, வந்தபோது இருந்ததைவிட மோசமாகத் தோன்றும். வண்டிக்காரர் அருகே இருந்தால் அவருக்கு நெஞ்சு அடைக்கும். அந்த நேரத்தில் தேநீர் குடித்துவிட்டு வரச் சொல்லி அவரை அனுப்பிவைப்பது உத்தமம். வெண்மை எங்கும் ஒரே சீராக இருக்கிறதா என்பதை மட்டும் நீ பார். சீராக இருந்தால் வேலை செம்மையாக நடக்கிறது.

இந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. பெரும்பாலான பிள்ளைகள் தவறுவது இங்கேதான், நீயும் இங்கேதான் தவறியிருக்க வேண்டும். காம்பவுண்டு போட்டு மினுக்கி, அதன்மேல் வாக்ஸோ செராமிக் திரவமோ தடவிக் கொடுப்பது ஒரு பாதை. பார்க்க உடனே அழகு. ஆனால் வாக்ஸ் சில வாரங்களில் போய்விடும், செராமிக் திரவம் இன்னும் சற்றுக் காலம் நிற்கும், அதற்குமேல் எதிர்பார்க்காதே. மற்றொரு பாதையில் மினுக்குவதே இல்லை. 1000 அல்லது 1500இல் நிறுத்திக்கொண்டு, வெளுத்து நிற்கும் அந்தப் பரப்பின்மேலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிவான மேற்பூச்சைப் பூசுகிறோம். பூச்சு கீறல்களுக்குள் இறங்கி அவற்றை நிரப்புகிறது. தண்ணீர் ஊற்றியபோது தற்காலிகமாக நடந்தது இப்போது நிரந்தரமாக நடக்கிறது. உன் கண்முன்னே வெண்மை மறைந்து விளக்கு தெளிகிறது. கீறல்கள் அங்கே பூச்சுக்குப் பிடிமானமாகவும் இருக்கின்றன. நன்றாக மினுக்கிய பரப்பின்மேல் அதே பூச்சைப் பூசினால் பிடிக்க இடமில்லாமல் ஆறு மாதத்தில் ஏடு ஏடாக உரியும். ஆகவே எந்தப் பூச்சு போடப் போகிறாய் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் எந்த நம்பரோடு நிறுத்துவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். டப்பாவின்மேல் தயாரிப்பாளர் எழுதியிருப்பதை, பொடி எழுத்தாக இருந்தாலும், படி.

பூச்சுகளில் உறுதியானது இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் க்ளியர் கோட். நீ வண்டிக்கு அடித்துப் பழகியதுதான். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் தூவலைச் சுவாசித்தவர்களுக்கு ஆஸ்துமா வருவதுண்டு, ஒரு முறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சு இழுக்கும். முகத்தில் கட்டிக்கொள்ளும் கைக்குட்டையும் மருந்துக்கடை முகமூடியும் அதை ஒரு துளியும் தடுப்பதில்லை. குழந்தைகள் விளையாடும் வீட்டு முற்றத்தில் அதை அடிக்காதே என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த பட்டறையில், பெயிண்ட் அடிக்கும் பூத்தில், தகுந்த கவசத்தோடு செய். முற்றத்தில் செய்வதாயின் துணியில் நனைத்து ஒரே இழுப்பாகப் பூசும் வகைப் பூச்சை வாங்கிக்கொள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் போன பிற்பாடு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நிறுத்தாமல் இழு. விட்ட இடத்தைத் திரும்பத் தொட்டால் தழும்பு விழும். தின்னராலோ பெட்ரோலாலோ துடைக்கும் பழக்கம் உனக்கு இருக்குமானால் இன்றோடு விட்டுவிடு. பாலிகார்பனேட் அவற்றை ஏற்காது, நுண்ணிய வெடிப்பு விடும். வெயிலில் காய்ந்து சூடேறிய டூமில் பூசாதே, ஐப்பசி கார்த்திகை அடைமழை நாளிலும் பூசாதே. முன்னதில் பூச்சு பரவுவதற்குள் இறுகிவிடும், பின்னதில் காற்றின் ஈரம் சேர்ந்து பால் நிறம் தட்டும். மழை நாளில் வேலை இல்லையே என்று வருந்தினால் தேய்க்கும் வேலையைக் கற்றுக்கொள்ளப் பழைய டூம்களைக் காயலான் கடையிலிருந்து வாங்கி வைத்துக்கொள்.

மெஷின் கொண்டு மினுக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்து, ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்து. பிளாஸ்டிக் உராய்வின் சூட்டில் இளகிவிடும், இளகிய இடம் மறுபடி தாள் கேட்கும்.

பற்பசைக்கு வருகிறேன். அதில் பல்லை மெருகேற்றுவதற்கென்று மிக நுண்ணிய சுண்ணப் பொடியோ சிலிக்காவோ கலந்திருக்கிறது. ஆகவே லேசான மங்கலைச் சிறிது எடுக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்குப் போகும் அவசரத்தில் தன் வண்டிக்கு ஒருவர் செய்துகொள்ளலாம். கூலி வாங்கும் உனக்கு அது தகாது. கொசுவிரட்டித் தைலம் தெளித்துத் துடைப்பது அதைவிடக் கேடு. அதிலுள்ள டீட் என்ற வஸ்து பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து வழித்துவிடுவதால் கண நேரம் தெளிந்ததுபோல் தோன்றுகிறதே தவிர, வேறில்லை.

ஆவி பிடிக்கும் கிண்ணம் என்ற அந்தச் சாதனத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விஸ்தாரமாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இன்று தெருவுக்குத் தெரு அது நுழைந்திருக்கிறது. கிண்ணத்தில் ஒரு திரவத்தை ஊற்றி மின்சாரத்தால் சூடாக்கி, அதன் மூக்கிலிருந்து வரும் ஆவியைத் தேய்த்த டூமின்மேல் காட்டினால், கீறல்களெல்லாம் மாயமாக மறைந்து பரப்பு நீர்போல் சமமாகிவிடுகிறது, பார்ப்பவர்கள் கைதட்டுகிறார்கள். அந்தத் திரவம் பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன் அல்லது குளோரோஃபார்ம். முன்னது 40 பாகை செல்சியஸிலும் பின்னது 61 பாகையிலும் கொதித்து ஆவியாகிறது. இரண்டும் பாலிகார்பனேட்டைக் கரைக்கும். தோலைக் கரைத்து ஓட விட்டுச் சமப்படுத்துவதுதான் அங்கே நடக்கும் மாயம். கதிரைத் தடுக்கும் காப்பு ஒரு மைக்ரான்கூட அதனால் உண்டாவதில்லை. கரைந்து இறுகிய தோலில் இழுவிசை தங்கிப் பிறகு வெடிப்பாக வெளிப்படுவதும் உண்டு. விளக்கின் கதி இது. உன் கதி இன்னும் மோசம். டைகுளோரோமீத்தேனைச் சுவாசித்தால் உடம்பு அதைக் கார்பன் மோனாக்ஸைடாக மாற்றுகிறது. பெயிண்ட் உரிக்கும் திரவமாக அதை வீட்டு உபயோகத்துக்கு விற்பதை அமெரிக்க அரசாங்கம் 2019இல் தடை செய்தது. அவ்வாவி நெருப்பிலோ பழுக்கக் காய்ந்த கம்பியிலோ பட்டால் பாஸ்ஜீன் உண்டாகும். பாலிகார்பனேட்டைத் தொழிற்சாலையில் உண்டாக்க உபயோகிக்கும் மூலப்பொருள்களில் ஒன்று அதுவே. முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்களை மூச்சடைத்துக் கொன்ற வாயுவும் அதுவே. அடுத்த வீட்டு அடுப்பும் பூஜை விளக்கும் பத்தடியில் எரியும் முற்றத்தில் இதை வைத்துக்கொள்வதா? வாங்காதே. வாங்கியவன் இரண்டு நிமிஷத்தில் வேலையை முடித்து உன் கூலியில் பாதிக்குச் செய்கிறான் என்று எழுதியிருக்கிறாய். செய்யட்டும். வாடிக்கை போகிறதே என்று உன் நெஞ்சையும் கூடவே அனுப்பிவிடாதே.

கூலியைப் பற்றியும் வாக்குறுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய விளக்காகவே ஆக்கித் தருகிறேன் என்று சொல்லாதே, ஏனெனில் அது உண்மையில்லை. அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கத்தார் 2018இல் வெளியிட்ட பரிசோதனையில், மோசமாக மங்கிய விளக்குகள் புதிய விளக்கு தரும் ஒளியில் 22 சதவீதம் மட்டுமே தந்தன; துலக்கி மெருகேற்றிய பிறகு அது சுமார் 70 சதவீதமாக உயர்ந்தது. நூறு ஆகவில்லை, ஆகவும் ஆகாது. உள்ளே வயதான பாத்திரத்தை உன் தாள் தொடுவதில்லை அல்லவா? ஆனால் 22 எங்கே, 70 எங்கே! அதிலும் மங்கிய டூம் ஒளியைக் குறைப்பதோடு நிற்காமல், எஞ்சியதையும் மேலேயும் பக்கவாட்டிலும் சிதறடித்து எதிரே வருகிறவன் கண்ணில் கொட்டுகிறது. மழை பெய்யும் இரவில் திண்டிவனம் தாண்டி விழுப்புரம் சாலையில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். உன்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் வண்டியை விற்பதற்கு முன் முகம் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று வருவார்கள். அவர்களுக்கும் அதே சிரத்தையோடு செய். வாங்கப் போகிறவனும் ராத்திரியில்தானே ஓட்டுவான்.

ஒரு பக்கத்து விளக்கு மட்டும் அதிகம் மங்கியிருக்கிறது, அதை மட்டும் செய்து கொடு, பாதிக் கூலி தருகிறேன் என்று கேட்பார்கள். நித்தியம் ஒரே திசையில் வெயில் படும்படி நிறுத்தும் வண்டிகளில் இந்த வித்தியாசம் சகஜம். இணங்காதே, இரண்டையும் சேர்த்தே செய். வேலை முடிந்து பூச்சு காய்ந்ததும், இருட்டின பிறகு, வண்டியைச் சமதளத்தில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி லோ பீமைப் போட்டுக் காட்டு. நம் ஊர்ப் போக்குவரத்துக்கு ஏற்ற விளக்கானால் ஒளியின் மேல் விளிம்பு வலப்பக்கம் மட்டமாகவும் இடப்பக்கம் சற்று ஏறியும் இருக்க வேண்டும். மங்கலாக இருந்தபோது தெரியாத அந்த விளிம்பு இப்போது கத்தி போட்டாற்போல் தெரியும். ஒரு பக்கம் உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் பின்னாலுள்ள திருகால் சரிசெய்யலாம். திருகில் கை வைப்பதற்கு முன் நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கிறதா, டிக்கியில் அரிசி மூட்டை ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்